ஆபீஸ் குடுத்த லேப்டாப், சாவி மட்டும் ஆபீஸ்லயே இருக்கு

கேள்வி:

"தம்பி, எனக்கு 52 வயசு ஆகுது. பெருங்குடியில ஒரு கம்பெனியில 17 வருஷம் அக்கவுன்ட்ஸ்ல இருந்தேன். ரெண்டு வருஷம் முன்னாடி ரெண்டு ஆபீஸை ஒண்ணாக்கி சிறுசேரிக்கு மாத்தினப்போ எங்கள்ல நிறைய பேரை அனுப்பிட்டாங்க. கடைசி நாள் லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கப் போனேன், 'நீங்களே வெச்சுக்கோங்க மேடம்'னு எச்ஆர் பொண்ணு சொல்லிடுச்சு. பீரோவுல வெச்சதோட சரி. இப்ப என் பொண்ணு பி.காம் சேந்திருக்கா, அவளுக்கு ஆகுமேன்னு எடுத்து சார்ஜ் போட்டா நீலக் கலர் திரையில 48 நம்பர் ரெக்கவரி கீ கேக்குது. கூட்ரோட்டுல ஒரு கடையில காட்டினேன். ஃபார்மட் பண்ணப் பாத்துட்டு, பயாஸ்லயும் பாஸ்வேர்ட் இருக்கு, 3,500 குடுங்க, எல்லாத்தையும் உடைச்சுத் தரேன்னார். கொழுந்தனார் என்னடான்னா லினக்ஸ் போட்டா எந்த லாக்கும் வேலை செய்யாதுங்கறார். எங்க அப்பா அம்மா சதாபிஷேக போட்டோ மொத்தமும் அதுல தான் இருக்கு, அப்பா இப்ப இல்ல. கடைக்குக் குடுக்கலாமா? இது தப்பா? பொண்ணு யூஸ் பண்ணா கம்பெனிக்காரங்க பாத்துட்டே இருப்பாங்களா? மாடல் டெல் லாட்டிட்யூட் 5400."

- மேடவாக்கத்துலேந்து ஒரு வாசகி

பதில்:

அக்கா, வணக்கம். கடையில குடுக்காம திரும்ப எடுத்துட்டு வந்தீங்களே, அது ரொம்ப நல்லதாப் போச்சு. சதாபிஷேக போட்டோ இன்னும் உள்ள இருக்கறதுக்கு வாய்ப்பு இருக்குன்னா அது அதனால தான். எனக்கு வேலையே இது தான், 14 வருஷமா கம்பெனி லேப்டாப்புக்கு பூட்டு போடற டீம்ல இருக்கேன், வேலையை விட்டுப் போறவங்ககிட்டேந்து லேப்டாப் திரும்ப வாங்கறதும் நாங்க தான். அதனால இந்தப் பூட்டு எல்லாம் எங்க இருக்கு, யார் கையில சாவி இருக்குன்னு உங்களுக்கு உள்ளேந்து சொல்ல முடியும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. ரெண்டு வருஷம் பீரோவுல சும்மா கிடந்த லேப்டாப், இப்ப சார்ஜ் போட்டிருக்கீங்க. அதைக் கவுத்துப் போட்டு, ஒரு சமதளமான டேபிள் மேல வெச்சுப் பாருங்க, அடி மூடி நடுவுல உப்பியிருக்கா, மூலையில தூக்கிட்டு ஆடுதா, திருப்பி வெச்சா டச்பேட் மேல எழும்பி க்ளிக் ஆகாம இருக்கா. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா பேட்டரி உப்பிடுச்சுன்னு அர்த்தம், உடனே சார்ஜரைக் கழட்டிட்டு, இனிமே சார்ஜ் போடாதீங்க, பொண்ணு படுக்கற ரூம்லயும் வைக்காதீங்க. அழுத்தி மூடப் பாக்கறது, குத்தறது எதுவும் வேணாம். பேட்டரி மாத்தற வேலையை மட்டும் கடையில பண்ணிக்கலாம், அதுக்கு பாஸ்வேர்ட் எதுவும் தேவையில்ல. உப்பலேன்னா நிம்மதி, மேல படிங்க.

இப்ப உங்க லேப்டாப்புல ஒரு பூட்டு இல்ல, ரெண்டு தெரியுது, எனக்குத் தெரிஞ்சு மூணாவதும் ஒண்ணு பின்னாடி காத்துட்டு இருக்கும்.

நீலத் திரையில 48 நம்பர் கேக்கறது பிட்லாக்கர். டிஸ்க்ல இருக்கறது மொத்தத்தையும் குறியீடா மாத்தி வெச்சிருக்கும், அதைத் திறக்கற சாவி மதர்போர்டுல இருக்கற டிபிஎம்ங்கற சின்ன சிப்புக்குள்ள இருக்கும். தினமும் ஆபீஸ்ல ஆன் பண்ணப்போ அந்த சிப் 'இது அதே மெஷின் தான், எதுவும் மாறல'ன்னு பாத்துட்டு தானாவே திறந்து விட்டுச்சு, அதனால தான் இத்தனை நாளா உங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல. பயாஸ் செட்டிங்ல ஏதாவது மாறினா அந்த சிப்புக்கு சந்தேகம் வந்துடும், அப்ப தான் 6 நம்பர் 6 நம்பரா 8 கட்டம், மொத்தம் 48 நம்பர் கேக்கும். ரெண்டு வருஷம் சார்ஜே இல்லாம கிடந்ததுல செட்டிங் கலைஞ்சிருந்தாலே போதும். அந்த 48 நம்பர் உங்க லேப்டாப்புல எங்கயும் எழுதி வெச்சிருக்காது, உங்க கம்பெனி சர்வர்லயோ கம்பெனியோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்லயோ உங்க லேப்டாப் பேர்ல ஒரு ரெக்கார்டு இருக்கும் பாருங்க, அதோட ஒட்டிட்டு இருக்கும். அந்த நம்பர் இல்லாம எந்தக் கடைக்காரராலயும் உள்ள இருக்கற போட்டோவை எடுக்க முடியாதுன்னே வெச்சுக்கோங்க. டிஸ்கை அழிச்சுட்டுப் புதுசா விண்டோஸ் போடலாம், ஆனா அழிச்சா அழிச்சது தான். கடைக்காரர் 'எல்லாத்தையும் உடைச்சுத் தரேன்'னு சொன்னது இந்த அழிக்கறதைத் தான், போட்டோவைத் தரேன்னு அவர் சொல்லல பாருங்க.

ரெண்டாவது பயாஸ் பாஸ்வேர்ட். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே மதர்போர்டுல ஓடற சின்ன ப்ரோக்ராம் தான் பயாஸ். பென்டிரைவ்லேந்து பூட் பண்ணக் கூடாது, செட்டிங் மாத்தக் கூடாதுன்னு நாங்க அதுல அட்மின் பாஸ்வேர்ட் போட்டு வெப்போம். லேப்டாப் திருடு போனா எடுத்தவன் சும்மா ஒரு பென்டிரைவைச் சொருகி புது விண்டோஸ் போட்டு வித்துடக் கூடாதுங்கறது தான் காரணம். ஏர்போர்ட்ல, கேப்ல, ட்ரெயின்ல தொலையற லேப்டாப் கொஞ்ச நஞ்சம் இல்ல. சின்ன பட்டன் பேட்டரியைக் கழட்டி மாட்டினா போயிடும்னு சொல்றாங்க பாருங்க, அது ரொம்பப் பழைய கம்ப்யூட்டர் கதை, இப்ப வர்ற ஆபீஸ் லேப்டாப்புல பாஸ்வேர்ட் கரன்ட் போனாலும் அழியாத சிப்புல உக்காந்திருக்கும். லெனோவோ திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் மறந்துட்டா கம்பெனியே 'மதர்போர்டு மாத்தணும், அதுக்கும் பில்லைக் காட்டணும்'னு தான் சொல்றாங்க. டெல்லும் மெஷின் உங்களோடது தான்னு நிரூபிக்காம பேச்சே எடுக்க மாட்டாங்க.

கடையில என்ன பண்ணுவாங்கன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். அடி மூடியைக் கழட்டி, மதர்போர்டுல எட்டுக் கால் வெச்ச அரிசி சைஸ்ல ஒரு சிப் இருக்கும், அது மேல ஒரு க்ளிப்பைக் கவ்வ வெச்சு, உள்ள இருக்கற ப்ரோக்ராமைப் படிச்சு, பாஸ்வேர்ட் இருக்கற இடத்தைத் திருத்தி, இல்லேன்னா வேற மெஷின்லேந்து எடுத்ததை அப்படியே எழுதிடுவாங்க. கை தேர்ந்தவங்க நல்லாவே பண்றாங்க, ரிச்சி ஸ்ட்ரீட்ல எனக்கே அப்படி ரெண்டு பேரைத் தெரியும், அவங்க முதல் கேள்வியே 'பில் இருக்கா, லெட்டர் இருக்கா'ன்னு தான் வரும். ஆனா எல்லாரும் அப்படி இல்லை. என்கூட வேலை பாத்த ஒருத்தர் வேற ஒரு கடையில பண்ணிட்டு என்கிட்ட எடுத்துட்டு வந்தார், பாஸ்வேர்ட் போயிடுச்சு, வாஸ்தவம், ஆனா சர்வீஸ் டேக், அதாவது அந்த மெஷினோட அடையாள நம்பர், இருந்த இடம் காலி, ஃபேன் ஆன் பண்ணதுலேந்து முழு வேகத்துல கத்திட்டே இருக்கு, பயாஸ்குள்ளயே இருந்த விண்டோஸ் கீயும் அதோட போயிருச்சு. அந்த மெஷினை மேசை மேல வெச்சுட்டு ரெண்டு பேரும் உக்காந்து அந்த சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தோம், மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு, ஏன்னா அவரோட பழைய கம்பெனியில ஒரு போன் பண்ணியிருந்தா இலவசமா முடிஞ்சிருக்கும்.

மூணாவது பூட்டு தான் நிறைய பேரை அழ வைக்குது. விண்டோஸ் ஆட்டோபைலட்னு பேரு, 2017லேந்து இருக்கு. கம்பெனி மொத்தமா லேப்டாப் வாங்கறப்போ ஒவ்வொரு மெஷினோட அடையாளத்தையும் எடுத்து, சீரியல் நம்பர், மதர்போர்டு விவரம், டிபிஎம் விவரம் எல்லாம் சேந்த ஒரு கைரேகை மாதிரின்னு வெச்சுக்கோங்க, மைக்ரோசாஃப்ட்கிட்ட 'இது எங்க மெஷின்'னு பதிஞ்சு வெச்சிடுவாங்க. அது லேப்டாப்புக்குள்ள இல்ல அக்கா, மைக்ரோசாஃப்ட் சர்வர்ல இருக்கு. நீங்க டிஸ்கை அழிங்க, புது டிஸ்கே மாட்டுங்க, விண்டோஸை முதல்லேந்து போடுங்க, வைஃபை கனெக்ட் பண்ண உடனே அது 'நான் யாரு'ன்னு கேட்டு, பழைய கம்பெனி லோகோவோட 'வாங்க'ன்னு ஒரு திரை வந்து ஆபீஸ் மெயில் ஐடி கேக்கும். உங்க மெயில் ஐடியை ரெண்டு வருஷம் முன்னாடியே மூடியிருப்பாங்க, அங்கேயே நின்னுடும். நெட் இல்லாம போட்டு ஏமாத்திடலாம்னு சில பேர் சொல்வாங்க, இன்னைக்கு ஓடும், நாளைக்கு ஏதோ கோளாறுன்னு ரீசெட் பண்ணா மறுபடி அதே லோகோ வந்து நிக்கும், அதுவும் பொண்ணுக்கு செமஸ்டர் நேரத்துல வந்து நின்னா என்ன பண்றது.

எனக்கே இதுல ஒரு குத்த உணர்ச்சி உண்டு, சொல்லிடறேன். 2021ல, பசங்களுக்கு எல்லாம் ஆன்லைன் கிளாஸ் ஓடிட்டு இருந்த நேரம், நான் அப்ப இருந்த கம்பெனியில பழைய லேப்டாப் 40ஐ ஆபீஸ்ல வேலை பாக்கற ஹவுஸ்கீப்பிங் அக்காங்க, செக்யூரிட்டி அண்ணங்க வீட்டுப் பசங்களுக்குன்னு குடுத்தோம். விண்டோஸ் புதுசா போட்டு, துடைச்சு, பையில வெச்சுக் குடுத்தோம். ஆட்டோபைலட் லிஸ்ட்லேந்து எடுக்கணும்ங்கறது யாருக்கும் தோணல, எனக்கும் தோணல. மூணு மாசம் கழிச்சு ஒரு பையன் ஏதோ வைரஸ்னு ரீசெட் பண்ணியிருக்கான், எங்க கம்பெனி லோகோ வந்துடுச்சு, அவங்க அம்மா 'திருட்டு லேப்டாப்பானு பசங்க கேக்கறாங்க சார்'னு போன்ல அழுதாங்க. அன்னைக்கு ராத்திரியே உக்காந்து 40 சீரியல் நம்பரையும் தேடித் தேடி எடுத்தேன். ஒரு மெஷினுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகல. அந்த ஒரு நிமிஷ வேலையை முன்னாடியே பண்ணாததால ஒரு குழந்தைக்குத் திருட்டுப் பட்டம்.

உங்க விஷயத்துலயும் அதே தான் நடந்திருக்கு. எச்ஆர் குடுத்தாச்சுன்னு நினைக்குது, ஃபைனான்ஸ் அந்த லேப்டாப் மதிப்பு எப்பவோ பூஜ்யம் ஆயிடுச்சுன்னு புக்ஸ்லேந்து எழுதித் தள்ளிடுது, அக்கவுன்ட்ஸ்ல இருந்தவங்க நீங்க, இது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஐடி டீமுக்கு மட்டும் யாரும் சொல்றதில்ல. எங்க லிஸ்ட்ல அது இன்னும் 'கம்பெனி மெஷின், கடைசியா ரெண்டு வருஷம் முன்னாடி கனெக்ட் ஆச்சு'ன்னு ஒரு வரியா கிடக்கும். அதனால தான் சொல்றேன், உங்க லேப்டாப்போட சாவி லேப்டாப்புல இல்ல, கூட்ரோட்டுக் கடையிலயும் இல்ல, சிறுசேரியில இருக்கு.

தப்பான்னு கேட்டீங்க. எடுத்துட்டு வந்தது தப்பில்ல, அவங்க குடுத்தாங்க, நீங்க வாங்கிட்டீங்க. ஆனா கையில ஒரு துண்டுச்சீட்டு கூட இல்லாம பூட்டை உடைக்கறது தான் வம்பு. ஐடி சட்டம் 2000ல 66பி பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, திருட்டு கம்ப்யூட்டர்னு தெரிஞ்சோ, தெரிய வேண்டிய நிலைமையிலயோ வாங்கி வெச்சிருந்தா 3 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். உங்களோடது திருட்டு இல்ல, பயப்படாதீங்க. ஆனா நாளைக்கு பேட்டரி மாத்தப் போனாலோ, எக்ஸ்சேஞ்ச்ல குடுக்கப் போனாலோ, பூட்டு உடைச்ச மெஷினைப் பாத்து யாராவது கேள்வி கேட்டா நீங்க காட்ட ஒண்ணும் இருக்காது. இன்னொண்ணும் இருக்கு, நிறைய கம்பெனி லேப்டாப்பை வாங்கறதே இல்ல, லீசுக்கு எடுக்கறாங்க. லீஸ் மெஷினா இருந்தா எச்ஆர் பொண்ணு நல்ல மனசோட சொல்லியிருந்தாலும் அதைக் குடுக்கற அதிகாரம் கம்பெனிக்கே கிடையாது. எழுத்துல வாங்கறப்போ தான் இது வெளிய வரும்.

அதனால முதல்ல ஒரு மெயில். எச்ஆருக்கு அனுப்பி ஐடி ஹெல்ப்டெஸ்க்கை காப்பியில வைங்க, முகவரி தெரியலேன்னா இன்னும் அங்க வேலை பாக்கற பழைய ஆள் யாராவது இருப்பாங்க, அவங்களைக் கேளுங்க. நீளமா எழுத வேணாம், ஆனா ஐடிக்காரன் படிச்ச உடனே வேலை செய்யற மாதிரி இருக்கணும். உங்க எம்ப்ளாயி நம்பர், கடைசி வேலை நாள், லேப்டாப்போட மேல் மூடியிலயோ அடியிலயோ கம்பெனி ஒட்டின அசெட் டேக் நம்பர், அப்புறம் முக்கியமா சர்வீஸ் டேக். டெல்ல அது 7 எழுத்து, கவுத்துப் போட்டா அடியில இருக்கும், பூச்சி மாதிரி சின்னதா எழுதியிருக்கும், போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாத்து எழுதுங்க, பூஜ்யத்தையும் 'ஓ'வையும் குழப்பிக்காதீங்க. இந்தத் தேதியில இந்த மெஷினை எனக்குக் குடுத்தீங்க, இது இப்ப என்னோடதுன்னு ஒரு வரி உறுதி பண்ணிக் குடுங்கன்னு கேளுங்க. கூடவே பயாஸ் பாஸ்வேர்டை எடுக்கணும், ஆட்டோபைலட், இன்ட்யூன், என்ட்ரா மூணுலேந்தும் நீக்கணும், அப்சல்யூட் போட்டிருந்தா அதுலேந்தும் நீக்கணும்னு தனித்தனியா பேர் சொல்லி எழுதுங்க. இன்ட்யூன்ங்கறது கம்பெனி தன் லேப்டாப்பை எல்லாம் தூரத்துலேந்து நிர்வாகம் பண்ற மைக்ரோசாஃப்ட் சாஃப்ட்வேர், என்ட்ராங்கறது கம்பெனியோட ஆளுங்க, மெஷினுங்க எல்லாம் பதிவாகியிருக்கற மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட், அப்சல்யூட் பத்தி கீழ சொல்றேன். 'லாக்கை எடுத்துக் குடுங்க'ன்னு மட்டும் எழுதினா ஒரு பூட்டை எடுத்துட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிடுவாங்க, நாங்க அப்படித் தான், எங்களுக்கு ஒரு நாளைக்கு வர்ற டிக்கெட் அவ்ளோ.

உங்க ரிலீவிங் லெட்டரையும் நோ டியூ சர்ட்டிஃபிகேட்டையும் ஸ்கேன் பண்ணி அதோட வைங்க. நோ டியூல 'லேப்டாப்'ங்கற வரிக்கு எதிர்ல என்ன எழுதியிருக்காங்கன்னு இப்பவே எடுத்துப் பாருங்க, அங்க 'ஊழியரிடமே விடப்பட்டது'ங்கற அர்த்தத்துல ஏதாவது இருந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இப்ப சதாபிஷேக போட்டோ விஷயம், இதை ரெண்டு தடவை படிங்க. நான் சொன்னேன்ல, 48 நம்பர் சாவி கம்பெனி அக்கவுன்ட்ல உங்க லேப்டாப் ரெக்கார்டோட ஒட்டிட்டு இருக்கும்னு. அந்த ரெக்கார்டை அழிச்சா சாவியும் அதோட போயிடும். நீங்க ஆர்வத்துல 'எல்லாத்துலேந்தும் நீக்குங்க'ன்னு மெயில் போட்டு, அங்க ஒரு சுறுசுறுப்பான பையன் பத்து நிமிஷத்துல நீக்கிட்டான்னா, அப்பா போட்டோவும் அந்த நிமிஷமே போயிடும், அவனுக்கே அது தெரியாது. அதனால மெயில்ல முதல் வரியா, தடிச்ச எழுத்துல, 'எதையும் நீக்கறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் ரெக்கவரி கீ வேணும், உள்ள என் குடும்ப போட்டோ இருக்கு'ன்னு எழுதுங்க. முதல்ல சாவி, அப்புறம் போட்டோ காப்பி, கடைசியா தான் ரெக்கார்டை அழிக்கறது.

சாவியை மெயில்ல அனுப்ப மாட்டேன்னு சொல்லலாம், அதுல நியாயம் இருக்கு, ஏன்னா அதே டிஸ்க்ல கம்பெனியோட கணக்கு வழக்கும் இருக்கு. அப்ப 'நான் நேர்ல எடுத்துட்டு வரேன், நீங்களே திறந்து போட்டோ ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணிக் குடுங்க, மீதியை என் எதிர்லயே அழிச்சுடுங்க'ன்னு சொல்லுங்க. இதுக்கு மனசு வெச்ச எந்த ஐடிக்காரனும் மாட்டேன்னு சொல்ல மாட்டான். நான் பண்றதா இருந்தா லேப்டாப்பை ஆன் பண்ணவே மாட்டேன், டிஸ்கை மட்டும் கழட்டி இன்னொரு மெஷின்ல மாட்டி, 48 நம்பரைப் போட்டுத் திறந்து காப்பி பண்ணுவேன். காரணம் இருக்கு, வேலையை விட்டுப் போனவங்க மெஷினுக்கு 'நெட் வந்த உடனே அழிச்சுடு'ன்னு ஒரு கட்டளை ரெண்டு வருஷமா வரிசையில நின்னுட்டு இருக்கலாம். லேப்டாப்பையே ஆன் பண்ணி வைஃபை கனெக்ட் ஆச்சுன்னா காப்பி பாதியில இருக்கறப்போவே அழிக்க ஆரம்பிச்சுடும். அதோட அந்த விண்டோஸ்ல பென்டிரைவ் போட்டா எடுக்காத மாதிரி பாலிசியும் இருக்கும். டிஸ்கைக் கழட்டிட்டா இந்த ரெண்டு தொல்லையும் கிடையாது. அங்க இருக்கற தம்பிகிட்ட இதை அப்படியே சொல்லுங்க, புரிஞ்சுப்பார்.

இதுல ஒரு கஷ்டமான விஷயமும் இருக்கு, மறைக்க மாட்டேன். சில கம்பெனியில ரொம்ப நாள் கனெக்ட் ஆகாத மெஷின் ரெக்கார்டை எல்லாம் ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா துடைச்சுடுவாங்க. அப்படி உங்களோடதும் போயிருந்தா அந்த போட்டோவுக்கு இனி வழி கிடையாது, வெளிய யாராவது 10,000 குடுங்க எடுத்துத் தரேன்னு சொன்னா நம்பாதீங்க. அதனால இன்னைக்கே இன்னொரு பக்கமும் தேடுங்க அக்கா. விசேஷத்துக்கு போட்டோ எடுத்த ஸ்டூடியோல கேளுங்க, வருஷம் கழிச்சும் ஹார்ட் டிஸ்க்ல வெச்சிருக்கறவங்க உண்டு. சொந்தக்காரங்க வாட்ஸாப் குரூப்ல அந்தத் தேதிக்கு மேல தள்ளிப் பாருங்க.

பயாஸ் பாஸ்வேர்டையும் மெயில்ல கேட்டா குடுக்க மாட்டாங்க. பெரும்பாலான ஆபீஸ்ல ஆயிரக்கணக்கான மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்ட் தான், அதை வெளிய விட முடியாது. நேர்ல எடுத்துட்டுப் போனா அவரே டைப் பண்ணி எடுத்து விடுவார், ரெண்டு நிமிஷம். அப்ப பயாஸ் திரை திறந்திருக்கறப்போவே அப்சல்யூட்னு ஒரு வரி இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க, பழைய மெஷின்ல கம்ப்யூட்ரேஸ்னு இருக்கும். திருடு போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கறதுக்குன்னு மதர்போர்டுலயே வர்ற சமாச்சாரம் அது, ஆன் ஆகியிருந்தா டிஸ்க் மாத்தி புது விண்டோஸ் போட்டாலும் தன் ப்ரோக்ராமைத் தானே மறுபடி போட்டுக்கும், தூரத்துலேந்து லேப்டாப்பை முடக்கவும் முடியும். அது ஓடிட்டு இருந்தா கம்பெனி தன்னோட கணக்குலேந்து விடுவிச்சா தான் போகும்.

கம்பெனிக்காரங்க பாத்துட்டே இருப்பாங்களான்னு கேட்டீங்க. பூட்டு எடுக்காம ஏதோ வழியில கம்பெனி செட்டப்போடயே ஓடுதுன்னு வெச்சுக்கோங்க, இன்ட்யூன் மூலமா என்னென்ன சாஃப்ட்வேர் இருக்கு, மெஷின் பேரு, எப்ப கடைசியா கனெக்ட் ஆச்சு, இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். எந்த வெப்சைட் பாக்கறா, என்ன எழுதறாங்கறது இன்ட்யூன்ல தெரியாது, ஆனா அதோட கூட வேற செக்யூரிட்டி சாஃப்ட்வேரும் போட்டிருப்பாங்க, அதுல நிறையவே தெரியும். நான் அதை விட பயப்படறது வேற, எங்க பக்கத்துல யாராவது லிஸ்ட் சுத்தம் பண்றப்போ ஒரு பட்டனைத் தட்டினா உங்க பொண்ணோட ப்ராஜெக்ட், நோட்ஸ் எல்லாம் காலி. மூணு இடத்துலேந்தும் நீக்கி, டிஸ்கை அழிச்சு, விண்டோஸ் புதுசாப் போட்டுட்டா அதுக்கப்புறம் அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தைரியமாக் குடுக்கலாம்.

கொழுந்தனார் சொன்ன லினக்ஸ். அவர் சொல்றதுல பாதி சரி, ஆட்டோபைலட் விண்டோஸ் செட்டப்ல மட்டும் தான் குறுக்க வரும், லினக்ஸ்ல வராது. ஆனா பென்டிரைவ்லேந்து பூட் பண்ணவே பயாஸ் விடலயே, அதைத் தாண்டறதுக்கு மறுபடி அதே கடைக்குத் தான் போகணும். தாண்டிட்டாலும் அதே டிஸ்க்ல போட்டா போட்டோ அழியும், மெஷின் யாரோடதுங்கற கேள்வியும் அப்படியே இருக்கும். லெட்டர் கையில வந்து, போட்டோவும் எடுத்த அப்புறம் அவர் ஆசைப்பட்டதைப் போடட்டும். ஆனா பி.காம் பொண்ணுக்கு டேலி, எக்செல் வேணும், அதுக்கு விண்டோஸ் தான் சௌகரியம்.

உங்க 5400 அதுக்குத் தாங்கும். 2019ல வந்த மாடல், எட்டாவது தலைமுறை இன்டெல், டிபிஎம் 2.0 இருக்கு, அதனால விண்டோஸ் 11 போடலாம். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அதனால 10ஐ மறுபடி போட்டுத் தரேன்னா வேணாம்னு சொல்லிடுங்க. விண்டோஸ் தனியாக் காசு குடுத்து வாங்க வேணாம், பொதுவா இந்த ஆபீஸ் மாடல்ல ப்ரோ லைசென்ஸ் கீ பயாஸ்குள்ளயே இருக்கும், புதுசாப் போடறப்போ தானா எடுத்துக்கும். க்ளிப் மாட்டி சிப்பை எழுதினா அதுவும் போயிடலாம்னு ஏற்கனவே சொன்னேன். ரேம் 8 ஜிபி இருந்தா 16 ஆக்கிடுங்க, வித்தியாசம் நல்லாத் தெரியும்.

ஆபீஸ்ல பதிலே வரலேன்னா ரெண்டு வாரம் பாத்துட்டு அதே மெயிலுக்கு மேல ஒரு நினைவூட்டல், அப்புறம் ஸ்பீட் போஸ்ட்ல ஒரு லெட்டர். 'இல்ல, அது கம்பெனி சொத்து, திருப்பிக் குடுங்க'ன்னு சொன்னா வருத்தமாத் தான் இருக்கும், இருந்தாலும் போட்டோவைக் காப்பி பண்ணி வாங்கிட்டு, லேப்டாப்பைக் குடுத்து, சீரியல் நம்பர் போட்ட ரசீது வாங்கிட்டு வந்துடுங்க. அவங்களும் கணக்கு காட்ட வேண்டியவங்க தான், 2023 ஏப்ரல்லேந்து நடைமுறையில இருக்கற மின்னணுக் கழிவு விதிப்படி பெரிய கம்பெனி தன்னோட பழைய சாமானைப் பதிவு பெற்றவங்ககிட்ட தான் ஒப்படைக்கணும், ரொம்ப இழுத்தடிச்சா மெயில்ல இதையும் மரியாதையா ஞாபகப்படுத்தலாம்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை, பழைய ஆபீஸ் லேப்டாப்பை செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்க, டெஸ்க்டாப் வருது, பாட்டு பாடுதுன்னு பாத்துட்டு காசைக் குடுத்துடாதீங்க. விக்கறவர் எதிர்லயே முழுசா ரீசெட் பண்ணச் சொல்லி, உங்க போன் ஹாட்ஸ்பாட்டைக் கனெக்ட் பண்ணி, எந்தக் கம்பெனி பேரும் வராம செட்டப் முடியுதான்னு பாருங்க. மேக்புக்லயும் இதே கதை தான், அழிச்சுட்டு நெட் குடுத்த உடனே 'ரிமோட் மேனேஜ்மென்ட்'னு ஒரு திரை வந்தா அந்தப் பழைய கம்பெனி ஆப்பிளோட பிசினஸ் கணக்குலேந்து விடுவிக்கற வரைக்கும் அது உங்களோடது ஆகாது.

அக்கா, சிறுசேரிக்குப் போறப்போ முன்னாடியே அப்பாயின்ட்மென்ட் வாங்கிடுங்க, கேட்ல லேப்டாப் சீரியல் நம்பரை என்ட்ரி போட்டுத் தான் உள்ள விடுவாங்க, இல்லேன்னா வெளிய வர்றப்போ உங்க லேப்டாப்பை உங்ககிட்டயே குடுக்க மாட்டாங்க. நாள் பாக்கறதா இருந்தா செவ்வாய், புதன் பாருங்க, திங்கக்கிழமை ஹெல்ப்டெஸ்க்ல நிக்க இடம் இருக்காது. சார்ஜர் எடுத்துட்டுப் போங்க, ரெண்டு வருஷம் கிடந்த பேட்டரியை நம்பி பயாஸ்ல கை வைக்க மாட்டாங்க. போட்டோவை வாங்கிக்க ஒரு பென்டிரைவ் பத்தாது, ரெண்டா எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அம்மாகிட்ட இருக்கட்டும்.